அப்பத்தாவின் கடைவாய்ப் பல்லை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது எப்படி?

பள்ளத்தூர்க்காரி கேட்கிறார்:

சென்ற மாதம் வெள்ளையடிப்பதற்காகப் பள்ளத்தூர் வீட்டைக் காலி செய்தோம். இரண்டாங்கட்டில் கிடந்த பெட்டகத்தின் அடியில் அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டி அகப்பட்டது. பாக்குவெட்டி துருப்பிடித்திருந்தது. சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தால் உள்ளே சுண்ணாம்பு இல்லை. பஞ்சில் சுற்றிய ஒரு கடைவாய்ப் பல் இருந்தது.

ஆத்தாவுக்கு நினைவிருக்கிறது. அப்பத்தாவுக்கு 84 வயதில், தேன்குழல் கடிக்கும்போது தானாக விழுந்த பல். "கூரையில் எறிய நான் என்ன ஏழு வயசுப் பிள்ளையா?" என்று கேட்டுவிட்டு டப்பாவில் போட்டு மூடிக்கொண்டாராம்.

நான் பள்ளியில் விலங்கியல் எடுத்து ஓய்வு பெற்றவள். பல்லின் வெட்டுத் தோற்றத்தைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். வெள்ளைச் சாக்குக்கட்டியில் மேலோடான எனாமல், மஞ்சளில் அதற்கு உள்ளே இருக்கும் டென்டைன், சிவப்பில் நடுவில் உள்ள பல்கூழ். இருபத்தெட்டு வருடம் வரைந்திருக்கிறேன். அசல் பல் ஒன்றின் உள்ளே ஒருநாளும் பார்த்ததில்லை என்பது இந்தப் பல்லைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

காரைக்குடிப் பழம்பொருள் கடையில் எப்போதோ வாங்கிய பித்தளை மைக்ரோஸ்கோப் ஒன்று என்னிடம் இருக்கிறது. 100 மடங்கு, 400 மடங்கு பெரிதாக்கும். பல்லை அப்படியே அதன் கீழ் வைத்தேன். கறுப்பு மலை ஒன்று தெரிந்தது, அவ்வளவுதான்.

வெறும் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன். மெல்லும் பரப்பு மேடு பள்ளம் இல்லாமல் தட்டையாகத் தேய்ந்திருக்கிறது. நடுவில் கிண்ணம் போல ஒரு குழி, நல்ல காப்பிக்கொட்டை நிறம். அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு விளிம்பு. விளிம்பை நகத்தால் தடவினால் கூர்மையாக இருக்கிறது. வேரின் நுனியோ கண்ணாடி போல இருக்கிறது. ஜன்னல் பக்கம் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவுகிறது. வேரின் மேல்பாதி அப்படியில்லை, மெழுகு போல மங்கல்.

நுனி மட்டும் ஏன் கண்ணாடியாகிறது? நடுக்குழிக்கு வெற்றிலை காரணமா? உள்ளே பார்க்க வேண்டுமானால் வெட்டுவது எப்படி? எங்கள் அம்மான் "பல்லும் எலும்புதானே, இதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கும் ஒரு பதில் வேண்டும்.

கோட்டையூரான்:

ரொம்பச் சுலபம் ஆச்சி. வினிகரில் ஒரு வாரம் ஊற வையுங்கள். கோழி எலும்பை ஊற வைத்தால் ரப்பர் மாதிரி வளையும், பார்த்திருப்பீர்கள். பல்லும் அப்படியே ஆகிவிடும். புது பிளேடால் மெல்லிசாகச் சீவி ஸ்லைடில் வையுங்கள்.

சாணைக்கல்:

ஆச்சி, பல் வினிகருக்குள் போய்விட்டதா? போயிருந்தால் இந்த நிமிடமே எடுத்துக் கழுவுங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

எனக்குத் தேவகோட்டை. ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் ஸ்லைடு தயாரிக்கும் பணியில் 31 வருடம் இருந்தேன். மாணவர்கள் பிடுங்கிக் கொண்டுவரும் பல்லைத் தேய்த்துத் தேய்த்து என் வலது கட்டைவிரலில் ரேகை மழுங்கிப் போயிருக்கிறது. இன்றைக்கும் ரேஷன் கடையில் விரல் வைத்தால் இயந்திரம் ஏற்பதில்லை.

கோட்டையூரான் சொன்ன வழி எலும்புக்குச் சரி, டென்டைனுக்கும் சரி. டென்டைன் எடையில் 70 சதவீதம் தாது, 20 சதவீதம் கரிமப்பொருள், மீதி தண்ணீர். அந்தக் கரிமப்பொருளில் பெரும்பங்கு கொலாஜன் நார். அமிலம் தாதுவைக் கரைத்த பிறகும் நார்க்கூடு நிற்கும், அதைச் சீவலாம். எனாமலில் 96 சதவீதம் தாது. புரதம் என்று பார்த்தால் ஒரு சதவீதம் தேறும். தாது போனால் அங்கே நிற்பதற்கு ஒன்றுமே இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இப்படி ஒரு பல்லை அமிலத்தில் போட்டுச் சீவி, அழகாகச் சாயம் ஏற்றிக் கொடுத்தேன். பேராசிரியர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எனாமல் எங்கேப்பா?" என்றார். அது இருந்த இடத்தில் வெறும் வெள்ளை இடைவெளி. அதனால்தான் எனாமலைப் பார்க்க வேண்டுமானால் தேய்த்தே தீர வேண்டும்.

அப்பத்தா பல்லில் கை வைக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று பல் எல்லோருக்கும் வீணாகும். வீட்டில் பிள்ளைகளின் பால் பல் இருந்தால் அதில் பழகுங்கள். பெயிண்ட் கடையில் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள் கிடைக்கும். 220, 600, 1000 என்று மூன்று எண்கள் போதும். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் தாளை விரித்து, நீர் விட்டு, பல்லை நெடுக்குவாட்டில் பாதிவரை தேயுங்கள். தட்டையான முகத்தை ஸ்லைடில் பசை போட்டு ஒட்டிவிட்டு மறுபக்கத்தைத் தேயுங்கள். ஈரமாகவே தேய்க்க வேண்டும், தூள் மூக்கில் ஏறக் கூடாது. அச்சடித்த தாள்மேல் வைத்தால் எழுத்து படிக்க வர வேண்டும். தடிமன் ஏறக்குறைய 50 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. கடைசி ஐந்து நிமிடம்தான் கண்டம். ஒரு அழுத்து கூடுதலாகப் போனால் பல் தண்ணீரோடு போய்விடும்.

பிறகு ஒருநாள் முழுக்கக் காய விடுங்கள். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. டென்டைனுக்குள் இருக்கும் குழல்களில் காற்று நின்றால்தான் அவை கறுப்புக் கோடுகளாகத் தெரியும். எண்ணெயோ கிளிசரினோ உள்ளே இறங்கினால் குழல் எல்லாம் மறைந்துவிடும். நல்ல ஸ்லைடைக் கெடுத்துவிட்டோம் என்று அழுத மாணவிகளைப் பார்த்திருக்கிறேன்.

சரி, என்ன தெரியும்? எனாமலுக்கும் டென்டைனுக்கும் நடுவே ஒரு எல்லைக்கோடு தெரியும், சிறு சிறு வளைவுகளாக. எல்லாம் அந்தக் கோட்டில்தான் தொடங்கியது. சாணி மெழுகுகிறவர்கள் எப்படிப் பின்னாலேயே நகர்ந்து போவார்கள், மெழுகிய இடத்தில் கால் வைக்காமல்? அப்படி இரண்டு வரிசை செல்கள் இந்தக் கோட்டில் எதிரெதிரே உட்கார்ந்து வேலையைத் தொடங்குகின்றன. ஒரு வரிசை எனாமலைப் பூசிக்கொண்டே வாசல் பக்கம் பின்வாங்குகிறது. அடுத்த வரிசை டென்டைனைப் பூசிக்கொண்டே வீட்டுக்குள் பின்வாங்குகிறது. வேலை முடியும்போது முதல் வரிசை தெருவில் நிற்கிறது. பல் ஈறைக் கிழித்து வெளியே வரும்போது அந்தச் செல்கள் அழிந்து உதிர்ந்துவிடும். இரண்டாவது வரிசை இரண்டாங்கட்டில், அதாவது பல்கூழின் ஓரத்தில், பத்திரமாக உட்கார்ந்துகொள்ளும். பல்கூழ் உயிரோடு இருக்கும்வரை அது கொஞ்சம் கொஞ்சமாகப் பூசிக்கொண்டே இருக்கும். வயதானவர் பல்லில் கூழ் அறை சுருங்கிப் போயிருப்பது அதனால்தான்.

உள்ளே போன ஒவ்வொரு செல்லும் தன் வாலைச் சுவருக்குள் விட்டுவிட்டுப் போகிறது. அந்த வால் கிடக்கும் தடம்தான் டென்டைன் குழல். கூழ் ஓரத்தில் ஒரு சதுர மில்லிமீட்டரில், கடுகளவு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 45,000-க்கும் மேல் குழல்கள் இருக்கும். எனாமல் பக்கம் போகப் போக விலகி 20,000 அளவுக்கு வந்துவிடும். விட்டமோ கூழ்ப்பக்கம் இரண்டு மைக்ரானுக்கு மேல், எனாமல் பக்கம் ஒரு மைக்ரானுக்குள். இந்தக் குழல்களை லென்ஸ் வைத்துப் பார்த்து லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினவர் மருத்துவர் இல்லை, லேவன்ஹூக் என்ற டச்சுத் துணி வியாபாரி. 1678-இல் அது அச்சில் வந்தது. வட்டிக்கடையும் துணிக்கடையும் நடத்திய நம் ஊர்க்காரர்கள் கையில் ஒரு லென்ஸ் இருந்திருந்தால் என்று சில நேரம் நினைப்பதுண்டு.

இனி அப்பத்தா பல்லுக்கு வருகிறேன். எனாமல் கடினம், டென்டைன் அதைவிட மெது. அறுபது எழுபது வருடம் பாக்கை அரைத்ததில் மேல் எனாமல் தேய்ந்து டென்டைன் வெளியே வந்திருக்கிறது. வந்த பிறகு அது விளிம்பைவிட வேகமாகத் தேய்ந்திருக்கிறது, அதனால்தான் கிண்ணம். அம்மிக் குழி மாதிரி. நிறம் வெற்றிலைச் சாயம், குழல்கள் வழியே இறங்கியது. சுண்ணாம்பு பல்லைக் கரைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது காரம், எனாமலைக் கரைப்பது அமிலம். தேய்த்தது பாக்குத்தான். வாய்ப் புற்றுநோய் விஷயத்தில் பாக்கின் குற்றம் வேறு, அதை இங்கே பேசவில்லை.

கண்ணாடி நுனி மிக நல்ல கவனிப்பு, ஆச்சி. வயதாக ஆக வேர் நுனியிலிருந்து குழல்களுக்குள் தாது நிரம்பிக்கொண்டே மேலே வரும். குழல் திறந்திருந்தால் வெளிச்சம் அதன் சுவரில் பட்டுச் சிதறும், மங்கலாகத் தெரியும். நிரம்பிவிட்டால் உள்ளும் சுவரும் ஒரே பொருள் ஆகிவிடுகிறது, வெளிச்சம் நேராகப் போகிறது. நனைந்த தாள் ஒளி ஊடுருவுவது போல. 1950-இல் ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாஃப்சன் பல்லை வைத்து வயதைக் கணிக்க ஆறு அடையாளங்களைச் சொன்னார். அவற்றில் இந்தக் கண்ணாடி வேரும் ஒன்று. கையில் இருப்பது 84 வயதின் சான்று.

அம்மானுக்குச் சொல்லுங்கள்: எலும்புக்குள் உயிருள்ள செல்களும் ரத்தக் குழாய்களும் இருக்கின்றன, உடைந்தால் கூடும். எனாமலில் இரண்டும் இல்லை. வேரின் மேல் மெல்லிய சிமெண்டம் என்று ஒரு போர்வை உண்டு. அது மட்டும் கொஞ்சம் எலும்புக்கு உறவுக்காரன். அதிலும் ரத்தக் குழாய் கிடையாது.

ஆத்தங்குடிக்காரன்:

எங்கள் அப்பா செட்டிநாட்டுப் பூச்சு வேலை செய்தவர். சுண்ணாம்பும் மணலும், கடுக்காய்த் தண்ணீர், மேலே மேலே பூச்சு, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்பைப் பூசிக் கல்லால் மினுக்கு ஏற்றுவார்கள். நூறு வருடச் சுவரில் முகம் பார்க்கலாம். சாணைக்கல் ஐயா சொல்வதைப் படித்தால் பல்லும் அதே வேலைதான். எனக்கு இரண்டு பல்லில் ஐஸ் தண்ணீர் பட்டால் உயிர் போகிறது. தேய்ந்த சுவருக்கு மறுபடி பூசுவது போல எனாமலையும் வளர்க்க முடியும் என்று ஒரு பேஸ்ட் விளம்பரம் பார்த்தேன். உண்மையா?

சாணைக்கல்:

தம்பி, சுவரில் இருப்பது சுண்ணாம்பு, கால்சியம் கார்பனேட். பல்லில் கால்சியம் பாஸ்பேட், ஹைட்ராக்சிஅபடைட் என்பார்கள். இரண்டும் கால்சியம்தான், அதற்குமேல் ஒப்பிட வேண்டாம். உங்கள் அப்பா பூச்சு மேல் பூச்சாகப் படுக்கை போடுவார். எனாமல் படுக்கையாக இல்லை. சுமார் ஐந்து மைக்ரான் அகலத் தண்டுகள், உள் எல்லையிலிருந்து வெளிப்பரப்புவரை நிற்கின்றன. தலைமயிர் தடிமனில் பத்துப் பன்னிரண்டு தண்டுகள் அடங்கும். உள்பாதியில் ஒரு கட்டு இடப்பக்கம் சாய, அடுத்த கட்டு வலப்பக்கம் சாயும். விரிசல் ஒன்று உள்ளே வந்தால் நேராக ஓட முடியாமல் திரும்பித் திரும்பிக் களைத்துவிடும்.

பேஸ்ட் விஷயம். வாயில் அமிலம் ஏறி பிஎச் (அமிலம் ஏற ஏறக் குறையும் அளவு) 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் தாதுவை இழக்கும். எச்சில் அதைத் திருப்பித் தரும், ஃபுளோரைடு அதற்கு உதவும். பழுதான படிகத்தில் தாது திரும்பச் சேர்வது அதுவரைதான். தேய்ந்துபோன தண்டு மறுபடி முளைக்காது. உங்கள் சுவருக்குக் கொத்தனார் இருக்கிறார். எனாமல் கொத்தனார்கள் பல் முளைத்த அன்றே போய்விட்டார்கள்.

ஐஸ் தண்ணீர்க் கூச்சத்துக்கும் அந்தக் குழல்தான் காரணம். திறந்த குழலில் உள்ள திரவம் குளிர்ச்சி பட்டதும் சட்டென்று நகர்கிறது, உள்முனையில் இருக்கும் நரம்பு அதை வலியாக உணர்கிறது. ஸ்வீடன் ஆய்வாளர் பிரான்ஸ்ட்ரோம் 1960-களில் நிலைநாட்டிய விளக்கம் இது. அப்பத்தா அந்தக் கிண்ணத்தோடு தேன்குழல் கடித்திருக்கிறார் என்றால் அவருடைய குழல்கள் அடைபட்டு, உள்ளே புதுச் சுவரும் எழுந்திருக்கும். உங்களுக்கு இன்னும் திறந்திருக்கிறது. பல் மருத்துவரிடம் காட்டுங்கள், விளம்பரத்திடம் காட்டாதீர்கள்.

பள்ளத்தூர்க்காரி (மூன்று வாரம் கழித்து):

ஐயா, பல் வினிகருக்குள் போகவில்லை. கோட்டையூரான் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர் எழுதியதைப் பார்த்த அன்று வீட்டில் வினிகர் தீர்ந்திருந்தது.

மகனின் பால் பற்கள் மூன்று என் பீரோவில் இருந்தன. முதலாவது நீங்கள் சொன்னபடியே தண்ணீரோடு போனது. இரண்டாவதைத் தேய்க்கும்போது எனாமல் தனியாக உரிந்து வந்துவிட்டது. மூன்றாவது ஒரு கடைவாய்ப் பல். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று நான்கு நாள். வளவில் உட்கார்ந்து தேய்ப்பதைப் பார்த்துவிட்டு வேலைக்கு வரும் பெண், "ஆச்சி, வைரமா பட்டை தீட்டுறீங்க?" என்று கேட்டது.

நேற்று பார்த்தேன். 100 மடங்கிலேயே குழல்கள் தெரிந்துவிட்டன. நான் நேர்க்கோடாக வரைந்து வந்தவை. அவை நேராக இல்லை, மெல்ல வளைந்து, திரும்பவும் எதிர்ப்பக்கம் வளைந்து போகின்றன, காற்றில் சாய்ந்த நெற்பயிர் மாதிரி. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றும் கிளை விடுகிறது. அரை மணி நேரம் கண்ணை எடுக்கவில்லை, கழுத்து பிடித்துக்கொண்டது.

எனாமல் பக்கத்தில் சாய்வாகப் பழுப்புக் கோடுகள் சில மங்கலாகத் தெரிகின்றன. 400 மடங்கில் தண்டுகளுக்குக் குறுக்கே நுண்ணிய வரிகள், ஏணிப்படி போல. பழுப்புக் கோடுகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தடித்து, கறுத்து இருக்கிறது. இது என்ன? அவன் எட்டாம் மாதத்தில் பிறந்தவன். அந்த நாட்களில் காரைக்குடி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நான் அலைந்தது எனக்குத்தான் தெரியும். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா என்று கேட்பது அசட்டுத்தனமாகத் தோன்றினால் மன்னியுங்கள்.

சாணைக்கல்:

அசட்டுத்தனம் இல்லை ஆச்சி. ஏணிப்படி ஒவ்வொன்றும் ஒரு நாள். எனாமல் செல் ஒரு நாளைக்கு ஏறக்குறைய நான்கு மைக்ரான் நகரும். நகர்ச்சி பகலிரவோடு ஏறி இறங்குவதால் வரி விழுகிறது. பழுப்புக் கோடுகளுக்கு ரெட்சியஸ் கோடுகள் என்று பெயர், 1837-இல் ஸ்வீடன்காரர் ஆண்டர்ஸ் ரெட்சியஸ் விவரித்தவை. நிலைப் பல்லில் இரண்டு கோடுகளுக்கு நடுவே எத்தனை நாள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பலருக்கு எட்டு ஒன்பது நாள்.

ஒரு கோடு மட்டும் தடித்திருந்தால் அது பிறப்புக் கோடாக இருக்கலாம். குழந்தை வெளியே வந்த அதிர்ச்சியில் அந்தச் சில நாள் எனாமல் வேறு மாதிரி அமைகிறது. எல்லாப் பால் பற்களிலும் அது உண்டு, முதல் நிலைக் கடைவாய்ப் பல்லிலும் பெரும்பாலும் இருக்கும். கோட்டுக்கு உள்ளே இருப்பது உங்கள் வயிற்றில் இருந்தபோது அமைந்தது, வெளியே இருப்பது பிறகு அமைந்தது. எட்டாம் மாதப் பிள்ளை என்றால் உள்பங்கு குறைவாக இருக்க வேண்டும். ஆனால் கையால் தேய்த்த ஸ்லைடை வைத்து அந்த அகலத்தை அளந்து நாள் கணக்குப் போடாதீர்கள். வெட்டு கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அகலம் கூடிவிடும், நானே இதில் ஏமாந்திருக்கிறேன்.

அது கோடுதானா, உப்புத்தாள் கீறலா என்று முதலில் பாருங்கள். கீறல் எல்லையைப் பொருட்படுத்தாமல் டென்டைனுக்குள்ளும் நேராக ஓடும். பிறப்புக் கோடு எனாமலுக்குள் வளைந்து போய் எல்லையில் முடியும். டென்டைனிலும் அதற்கு ஒரு ஜோடி உண்டு, ஆனால் அது தனியாக, மங்கலாக, கூழ் பக்கமாக விலகி இருக்கும்.

பள்ளத்தூர்க்காரி:

எல்லையில் முடிகிறது ஐயா. மூன்று முறை பார்த்துவிட்டேன். டென்டைன் பக்கத்து ஜோடி எனக்குத் தெரியவில்லை, சாயங்கால வெளிச்சம் குறைவு. நாளைக் காலை முகப்பில் வெயில் விழும்போது மறுபடி பார்க்கிறேன்.

பெங்களூரில் இருக்கும் மகனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "என் பல்லையா தேய்த்தீர்கள்?" என்பதோடு நிறுத்திக்கொண்டான். அப்பத்தா பல் டப்பாவுக்குள் திரும்பிவிட்டது. அதைத் தேய்ப்பதாக இல்லை.

கோட்டையூரான்:

கோபம் இல்லை ஆச்சி. வினிகர் வாங்கிவிட்டீர்களா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பல்லுக்கு இல்லை, ஊறுகாய்க்கு.